தேடுபொறி நிறுவனத்தின் உலாவி: ஒரு திறனாய்வு

தேடுபொறி நடத்தும் நிறுவனம் ஒன்று தனக்கென ஓர் இணைய உலாவியையும் வெளியிடுவது, இணைய வரலாற்றில் நீண்ட விளைவுகளை ஏற்படுத்திய வணிக முடிவுகளுள் ஒன்றாகும். 2008 செப்டம்பர் 2 அன்று கூகுள் நிறுவனம் குரோம் உலாவியின் சோதனைப் பதிப்பை வெளியிட்டது இதற்கு முதன்மையான எடுத்துக்காட்டு. 2025இல் பெர்பிளெக்சிட்டி நிறுவனம் கோமெட் உலாவியையும், ஓப்பன்ஏஐ நிறுவனம் அட்லஸ் உலாவியையும் வெளியிட்டபோது, 2008இல் முழுமையாக விடை காணப்படாத கேள்வி மீண்டும் எழுந்தது. தகவலைத் தேடித் தருபவரே தகவலுக்குச் செல்லும் வாயிலையும் வைத்துக்கொள்ளலாமா என்பதே அக்கேள்வி. இக்கட்டுரை அதன் வரலாற்றையும் நிறைகுறைகளையும், புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்கள் போன்ற ஊர்ப்புறப் பயனர்களுக்கு அது என்ன பொருள்படுகிறது என்பதையும் ஆராய்கிறது.

உலாவியும் தேடுபொறியும்

உலாவி என்பது கணினியிலோ கைப்பேசியிலோ நிறுவப்படும் மென்பொருள். இணையத்தளத்தின் முகவரியைப் பெற்று, அதன் வழங்கியைத் தொடர்புகொண்டு, பக்கத்தைத் திரையில் காட்டுவது அதன் வேலை. தேடுபொறி என்பது கோடிக்கணக்கான பக்கங்களைத் திரட்டி அட்டவணைப்படுத்தி, கேட்ட சொல்லுக்கு ஏற்ற பக்கங்களை வரிசைப்படுத்தித் தரும் சேவை. முன்னது வண்டி, பின்னது வழி சொல்பவர். இரண்டும் வேறு வேறு.

நடைமுறையில் இந்த வேறுபாடு மறைந்துவிட்டது. ஊர்ப்புறங்களில் "கூகுளில் போய்ப் பார்" என்றால் அது உலாவியைக் குறிக்கலாம், தேடுபொறியைக் குறிக்கலாம், இணையம் முழுவதையுமே குறிக்கலாம். பேச்சில் ஏற்பட்ட இந்தக் குழப்பத்திற்குப் பயனரின் அறியாமை காரணமல்ல. முகவரிப் பட்டையும் தேடல் பெட்டியும் ஒன்றாக்கப்பட்டு, இரண்டும் ஒரே நிறுவனத்தின் பெயரில் வழங்கப்பட்டதன் இயல்பான விளைவு அது.

வதந்தி முதல் வெளியீடு வரை

கூகுள் ஓர் உலாவியை உருவாக்கக்கூடும் என்ற பேச்சு 2004இலேயே பரவியது. ஜிபிரவுசர் என்ற பெயரில் ஓர் இணைய முகவரி பதிவாகியிருந்தது அதற்கு வலுச் சேர்த்தது. 2005 தொடக்கத்தில் பயர்பாக்சு உலாவியின் முன்னணி உருவாக்குநர்களான பென் குட்கர், டாரின் பிசர் ஆகியோர் கூகுளில் சேர்ந்தனர். எனினும் அப்போதைய தலைமைச் செயல் அலுவலர் எரிக் சிமிட் உலாவித் திட்டத்திற்கு நெடுங்காலம் இசையவில்லை. நெட்சுகேப் நிறுவனத்தை மைக்ரோசாப்டு வீழ்த்திய 1990களின் "உலாவிப் போர்" அவர் நினைவில் இருந்தது.

அந்தப் போரின் சுருக்கம் இது. 1994இல் வெளிவந்த நெட்சுகேப் நேவிகேட்டர் முதலில் கோலோச்சியது. மைக்ரோசாப்டு தன் இன்டர்நெட் எக்சுபுளோரரை விண்டோசு இயங்குதளத்துடன் சேர்த்தே வழங்கியது. கணினியில் ஏற்கெனவே ஓர் உலாவி இருக்கும்போது வேறொன்றைத் தேடிச் சென்று நிறுவுபவர் சிலரே. நெட்சுகேப் வீழ்ந்தது. 1998இல் அமெரிக்க அரசு மைக்ரோசாப்டு மீது தொடுத்த புகழ்பெற்ற வழக்கின் மையக்கருத்தும் இதுவே. சிறந்த பொருள் வெல்லும் என்பதைவிட, முன்னமே வைக்கப்பட்ட பொருள் வெல்லும் என்பதே அந்தப் போர் தந்த பாடம்.

2006இல் மைக்ரோசாப்டு தன் எக்சுபுளோரர் 7 பதிப்பில் தேடல் பெட்டியை உலாவிக்குள்ளேயே அமைத்தபோது, இயல்நிலைத் தேடுபொறியைத் தனக்குச் சாதகமாக அமைக்கிறது என்று அமெரிக்க, ஐரோப்பிய அரசு அமைப்புகளிடம் கூகுள் முறையிட்டது. உலாவி தன் கையில் இல்லாவிட்டால் தேடல் வணிகமும் பிறர் கருணையில் இருக்கும் என்ற அச்சம் அந்த முறையீட்டில் வெளிப்படுகிறது. அச்சம் நியாயமானதே. ஆனால் இரண்டு ஆண்டுகள் கழித்து கூகுள் வெளியிட்ட உலாவியில் முகவரிப் பட்டையே தேடல் பெட்டியாகவும் இருந்தது. பிறர் செய்தபோது எதிர்த்ததையே தன் கைக்கு வந்தபோது மேலும் நுட்பமாகச் செய்தது என்ற விமரிசனத்திற்கு இங்கே அடிப்படை இருக்கிறது.

குரோம் திட்டத்தின் பொருள் மேலாண்மைக்குத் தலைமை தாங்கியவர் மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை. 2004இல் கூகுளில் சேர்ந்த அவர், பிற உலாவிகளில் கூகுள் தேடலைப் பொருத்தும் கருவிப்பட்டைத் திட்டத்தில் முதலில் பணியாற்றினார். குரோமின் வெற்றி அவரை 2015இல் அந்நிறுவனத்தின் தலைமைப் பொறுப்புக்குக் கொண்டுசென்ற காரணங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

நிறைகள்

குரோமின் வரவால் இணையம் நன்மை அடையவில்லை என்று கூற இயலாது.

முதலாவது, வேகம். தென்மார்க்கின் ஆர்கசு நகரில் இலார்சு பாக் தலைமையில் உருவான வி8 இயந்திரம் யாவாசிகிரிப்டு நிரல்களை முன்பைவிடப் பன்மடங்கு விரைவாக இயக்கியது. உலாவிக்குள்ளேயே கடிதம் எழுதவும், கணக்கிடவும், படம் திருத்தவும் இயலும் நிலை இதனால் எளிதாயிற்று. பிற உலாவிகளும் தம் வேகத்தைக் கூட்ட வேண்டியதாயிற்று.

இரண்டாவது, உறுதிப்பாடும் பாதுகாப்பும். ஒவ்வொரு தத்தலும் தனிச் செயல்முறையாக இயங்கியதால் ஒரு பக்கம் முடங்கினாலும் மற்றவை முடங்கவில்லை. புதிய பதிப்புகள் தாமாகவே நிறுவப்பட்டன. பழைய எக்சுபுளோரரை ஆண்டுக்கணக்கில் புதுப்பிக்காமல் வைத்திருந்த அலுவலகங்களையும் பள்ளிகளையும் நினைத்தால் இதன் அருமை விளங்கும்.

மூன்றாவது, குரோமியம் என்ற பெயரில் மூலநிரல் பொதுவில் வைக்கப்பட்டது. யாரும் அதை எடுத்துத் தமக்கான உலாவியை உருவாக்கலாம்.

தமிழ்ப் பயனருக்கும் பயன் உண்டு. ஒரு காலத்தில் ஒவ்வொரு தமிழ்த் தளத்திற்கும் ஓர் எழுத்துரு என்று தனித்தனியே இறக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. ஒருங்குறி பரவியதும், கொம்பும் காலும் எழுத்தின் இருபுறமும் சரியாக அமையும்படி உலாவிகள் எழுத்துகளைக் கோத்ததும் அந்நிலையை மாற்றின. குரோமும் பயர்பாக்சும் இப்பணிக்கு ஆர்பபசு என்ற ஒரே திறந்தமூல நிரலகத்தைப் பயன்படுத்துகின்றன. போட்டியாளர்கள் பொதுவான அடித்தளத்தில் ஒத்துழைக்க முடியும் என்பதற்கு இது நல்ல சான்று.

குறைகள்

இயல்நிலையின் ஆற்றல்

குரோமில் தேடுபொறியை மாற்றிக்கொள்ள முடியும். அமைப்புகள் பக்கத்தில் அதற்கு வழி இருக்கிறது. ஆனால் பெரும்பாலோர் அந்தப் பக்கத்தைத் திறப்பதே இல்லை. கூகுளுக்கு இது நன்றாகத் தெரியும் என்பதற்கு அதன் செலவுக் கணக்கே சான்று. பிறரின் கருவிகளிலும் உலாவிகளிலும் தன் தேடுபொறியை இயல்நிலையாக வைத்திருக்க 2021ஆம் ஆண்டில் மட்டும் 2,630 கோடி அமெரிக்க டாலரை அது செலவிட்டது என்பது அமெரிக்க நீதிமன்றத்தில் வெளிவந்தது. மக்கள் எளிதில் மாற்றிக்கொள்வார்கள் என்றால் இவ்வளவு பெரிய தொகையை எந்த நிறுவனமும் செலவிடாது. குரோமில் அந்த இடம் செலவின்றிக் கிடைத்துவிடுகிறது.

தரவும் விளம்பரமும்

கூகுளின் வருவாயில் பெரும்பகுதி விளம்பரத்திலிருந்து வருகிறது. தேடுபொறி, பயனர் கேட்பதை அறியும். உலாவியோ அவர் செல்லும் இடமெல்லாம் உடன் செல்கிறது. இரண்டும் ஒருவரிடம் சேர்ந்தால் பயனரின் நலனும் விளம்பர நலனும் மோதும் இடங்கள் தோன்றியே தீரும்.

இதற்கு மூன்று நிகழ்வுகளைக் காட்டலாம். 2008இல் குரோம் வெளிவந்தபோது, அதன் வழியே பயனர் அனுப்பும் உள்ளடக்கங்கள் மீது கூகுளுக்குப் பரந்த உரிமம் தரும் விதி பயன்பாட்டு ஒப்பந்தத்தில் இருந்தது. எதிர்ப்பு எழுந்ததும் அது உடனே நீக்கப்பட்டது. அடுத்து, "மறைநிலை" முறையில் உலவியவர்களின் தரவும் திரட்டப்பட்டது என்று 2020இல் தொடரப்பட்ட வழக்கில், கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க 2024இல் கூகுள் உடன்பட்டது.

மூன்றாவது நிகழ்வு மேலும் கவனத்திற்குரியது. பயனரைத் தளம்விட்டுத் தளம் பின்தொடர உதவும் மூன்றாந்தரப்புக் குக்கிகளை இரண்டு ஆண்டுகளில் நீக்குவதாக 2020 சனவரியில் கூகுள் அறிவித்தது. சபாரியும் பயர்பாக்சும் அத்தகைய கட்டுப்பாட்டை அக்காலத்திலேயே கொண்டுவரத் தொடங்கியிருந்தன. கூகுளோ பலமுறை தள்ளிவைத்து, இறுதியில் 2025இல் அத்திட்டத்தைக் கைவிட்டது. இடையில், குக்கிகளை நீக்கினால் பிற விளம்பர நிறுவனங்கள் நலிந்து கூகுளே மேலும் வலுப்பெறும் என்று பிரித்தானியப் போட்டி ஆணையம் விசாரணை நடத்தியது. நீக்காவிட்டால் தனியுரிமைக்குக் கேடு, நீக்கினால் போட்டிக்குக் கேடு. இந்த இக்கட்டு தனியொருவரின் தீய எண்ணத்தால் வந்ததன்று. உலாவியும் விளம்பர வணிகமும் ஒரே கூரையின்கீழ் இருப்பதால் வந்தது.

ஒரே இயந்திரம்

2012 வாக்கில் குரோம் எக்சுபுளோரரை முந்தியது. இன்று உலகில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உலாவல் அதன் வழியே நடைபெறுகிறது. 2013இல் ஒபேரா தன் சொந்த இயந்திரத்தைக் கைவிட்டுக் குரோமியத்திற்கு மாறியது. 2020இல் மைக்ரோசாப்டின் எட்ச் உலாவியும் மாறியது. பெயர்கள் பலவாக இருந்தாலும், பக்கத்தை வரையும் இயந்திரங்களாக இன்று எஞ்சியிருப்பவை பெரும்பாலும் மூன்றே: கூகுளின் பிளிங்கு, ஆப்பிளின் வெப்கிட்டு, மொசில்லாவின் கெக்கோ. அந்த மொசில்லாவின் வருவாயிலும் பெரும்பகுதி கூகுள் தரும் தேடல் கட்டணமே.

இதன் விளைவு தளம் உருவாக்குவோரிடம் தெரிகிறது. குரோமில் சரியாக வந்தால் போதும் என்று சோதனையை முடித்துக்கொள்ளும் பழக்கம் வளர்கிறது. ஒரு காலத்தில் எக்சுபுளோரரில் மட்டுமே திறந்த அரசுத் தளங்களால் மக்கள் பட்ட பாடு மறக்கத்தக்கதன்று.

வழக்குகளும் தீர்ப்புகளும்

2018 சூலையில் ஐரோப்பிய ஆணையம் கூகுளுக்கு 434 கோடி யூரோ தண்டம் விதித்தது. ஆண்டிராய்டு கைப்பேசிகளில் தேடல் செயலியையும் குரோமையும் முன்கூட்டியே நிறுவும்படி உற்பத்தியாளர்களைக் கட்டாயப்படுத்தியது அதன் காரணங்களுள் ஒன்று. இந்தியப் போட்டி ஆணையமும் ஆண்டிராய்டு தொடர்பாக 2022 அக்டோபரில் 1,337.76 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2023 மார்ச்சில் தண்டத்தொகையை உறுதிசெய்து, ஆணையத்தின் கட்டளைகளுள் சிலவற்றை நீக்கியது.

அமெரிக்காவில் 2024 ஆகத்து 5 அன்று நீதிபதி அமித் மேத்தா, தேடல் துறையில் கூகுள் சட்டத்திற்குப் புறம்பாக முற்றுரிமையைக் காத்துவந்துள்ளது எனத் தீர்ப்பளித்தார். குரோமை விற்கச் செய்ய வேண்டும் என்று அமெரிக்க நீதித்துறை கோரியது. 2025 செப்டம்பர் 2 அன்று, குரோம் வெளிவந்து சரியாகப் பதினேழு ஆண்டுகள் நிறைந்த நாளில், அக்கோரிக்கையை நீதிபதி ஏற்க மறுத்தார். தனியுரிமை ஒப்பந்தங்களுக்குத் தடை விதித்து, தேடல் தரவில் ஒரு பகுதியைப் போட்டியாளர்களுடன் பகிர வேண்டும் என்றார். செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களின் வரவால் போட்டி மாறிவருகிறது என்பதும் அவர் கருத்தில் கொண்டவற்றுள் ஒன்று.

மீண்டும் அதே பாதை

அந்தப் போட்டியாளர்கள் செய்ததைப் பார்க்க வேண்டும். சென்னையில் பிறந்து சென்னை ஐஐடியில் பயின்ற அரவிந்த் சீனிவாசு தலைமையிலான பெர்பிளெக்சிட்டி, விடைசொல்லும் தேடுபொறியாகத் தொடங்கியது. 2025 சூலையில் கோமெட் உலாவியை வெளியிட்டது. அடுத்த மாதமே குரோமை 3,450 கோடி டாலருக்கு வாங்க முன்வந்தது. அக்டோபரில் ஓப்பன்ஏஐ அட்லசை வெளியிட்டது. இரண்டும் குரோமியத்தின் மீது கட்டப்பட்டவையே.

தங்கள் செயலிக்கு வெளியே பயனர் என்ன செய்கிறார் என்பதை அறிந்து அவரை மேலும் நன்றாகப் புரிந்துகொள்வதும் உலாவி உருவாக்குவதன் நோக்கங்களுள் ஒன்று என்று 2025 ஏப்ரலில் ஒரு நேர்காணலில் அரவிந்த் சீனிவாசு குறிப்பிட்டார். அது விவாதத்திற்கு உள்ளானது. முந்தைய தலைமுறை மறைமுகமாகச் செய்ததை இத்தலைமுறை வெளிப்படையாகச் சொல்கிறது என்பதே வேறுபாடு. இவ்வுலாவிகள் பக்கத்தைக் காட்டுவதுடன் நிற்பதில்லை. பக்கத்தைப் படித்துச் சுருக்கம் தருகின்றன, பயனருக்காகப் படிவங்களையும் நிரப்புகின்றன. வழி சொல்பவர் வண்டியை ஓட்டவும் தொடங்கிவிட்டார்.

இந்திய உலாவிகள்

இந்தியாவின் முதல் உலாவி என்ற அறிமுகத்துடன் பெங்களூரின் இட்டன் ரிப்ளெக்சு நிறுவனம் 2010இல் எபிக் உலாவியை வெளியிட்டது. முதலில் பயர்பாக்சின் அடித்தளத்தில் இருந்த அது, 2013இல் தனியுரிமை உலாவியாகக் குரோமியத்திற்கு மாறியது. 2023 மே மாதத்தில் சோகோ நிறுவனம் "உலா" என்ற தமிழ்ப் பெயருடன் ஓர் உலாவியை வெளியிட்டது. அதே ஆண்டு ஆகத்தில் நடுவண் அரசு இந்திய உலாவிக்கான போட்டியை அறிவித்தது. 2025 மார்ச்சில் சோகோ முதற்பரிசாக ஒரு கோடி ரூபாய் பெற்றது.

சோகோ விளம்பரத்தை நம்பி இயங்கும் நிறுவனமன்று. அதன் வருவாய் அலுவலக மென்பொருள் சந்தாக்களிலிருந்து வருகிறது. ஆகவே மேற்கூறிய நலமோதல் உலாவில் அந்த அளவுக்கு இல்லை. ஆயினும் உலாவின் அடித்தளமும் குரோமியமே. மேல்வீடு மாறினாலும் கடைக்கால் அவர்களுடையது. கூகுள் இயந்திரத்தில் செய்யும் மாற்றங்களை ஏற்பதா, தனியே பிரிந்து பெருஞ்செலவில் பராமரிப்பதா என்ற நெருக்கடி எந்த நாட்டு உலாவிக்கும் வரும். "உள்நாட்டு உலாவி" என்ற சொல்லை இந்த வரம்புடனேயே புரிந்துகொள்ள வேண்டும்.

பெயர் குறித்தும் ஒரு கருத்து உண்டு. உலா என்னும் சிற்றிலக்கியத்தில் தலைவன் வீதியில் பவனி வருவான், பேதை முதல் பேரிளம்பெண் வரையிலான ஏழு பருவத்து மகளிரும் அவனைக் காண்பர். காண்பதை ஒளிப்பதில்லை, காணப்படுபவனும் அறிவான். இணைய உலாவில் வீதியில் செல்பவர் எளிய பயனர். அவரைக் காண்பவர் யார், எத்தனை பேர் என்று அவருக்குத் தெரியாது.

வில்லியனூர், பாகூர் போன்ற ஊர்களுக்கு என்ன?

ஊர்ப்புறக் கொம்யூன்களில் பலருக்கும் முதல் கணினி கைப்பேசிதான். ஆண்டிராய்டுக் கைப்பேசி வாங்கும்போதே குரோம் அதில் இருக்கிறது. உலாவியைத் தேர்ந்தெடுத்தல் என்ற செயலே நிகழ்வதில்லை. மேல்நிலைப் பள்ளியை முடித்த மாணவர் சென்டாக் வழியாகக் கல்லூரிச் சேர்க்கைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அவர் பட்டையில் "சென்டாக்" என்று மட்டும் தட்டினால், திறப்பது சென்டாக் தளமன்று, தேடல் பக்கம். அதிகாரபூர்வத் தளம், செய்தித் தளங்கள், வழிகாட்டுவதாகச் சொல்லும் தனியார் பக்கங்கள் ஆகியவற்றிலிருந்து சரியானதை அவர் பிரித்தறிய வேண்டும். விளம்பரம் இருந்தால் அது மேலே நிற்கும். முகவரியை நேரே தட்டியிருந்தால் இந்த இடைவழி இல்லை. அவருக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை, உலாவிக்கும் அதைச் சொல்லித் தரும் தேவை இல்லை.

பாகூர் ஏரிப் பாசனத்தை அறிந்தவர்க்கு இச்சிக்கலை விளக்குவது எளிது. தென்பெண்ணையாற்றின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியே ஏரிக்கு நீர் வருகிறது. ஏரியிலிருந்து மதகுகள் வழியே வயல்களுக்குப் பாய்கிறது. மதகைத் திறக்கும் பொறுப்பில் இருப்பவரின் வயலே தலைமடையில் இருந்தால், அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் கடைமடை உழவருக்கு ஐயம் தீராது. அதனால்தான் நீர்ப் பங்கீட்டுக்கு ஊர்ப்பொதுவான முறைகள் தேவைப்பட்டன. இணையத்தில் கடைமடையில் இருப்பவை சிறு தளங்கள், தமிழ்த் தளங்கள், தன்னார்வலர் எழுதும் பக்கங்கள். தேடல் வரிசையில் அவை கீழே போனால், முகவரியை நினைவில் வைத்து நேரே வருவோர் இல்லாத நிலையில், அவை இல்லாதவையாகவே ஆகிவிடும்.

இலவசம் என்பதையும் இவ்வூரின் வரலாற்றோடு ஒப்பிடலாம். 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துப் பாகூர்ச் செப்பேடு, இங்கிருந்த வித்தியாஸ்தானம் என்னும் கல்விநிலையத்திற்கு மூன்று ஊர்கள் வழங்கப்பட்டதைக் கூறுகிறது. அறிவின் வாயில் திறந்திருக்க யாரோ ஒருவர் செலவை ஏற்கத்தான் வேண்டும். அங்கே ஏற்றவர் யார், எதிலிருந்து என்பது செப்பேட்டில் பொறிக்கப்பட்டது. உலாவிக்குச் செலவை ஏற்பவர் விளம்பரதாரர். அது நீண்ட ஒப்பந்தப் பக்கங்களுக்குள் கிடக்கிறது, அவற்றைப் படிப்பவர் அரிது.

மதிப்பீடு

தேடுபொறி நிறுவனம் உலாவி வெளியிட்டதே தவறு என்று கூறுவது பொருந்தாது. எக்சுபுளோரரின் தேக்கத்தை உடைத்தது குரோம்தான். தவறு, இரண்டு பொறுப்புகளுக்கும் இடையே இருக்க வேண்டிய சுவர் எழுப்பப்படாததில் இருக்கிறது. நீதிமன்றங்கள் அச்சுவரைப் பாதியளவே எழுப்பியுள்ளன. புதிய நிறுவனங்கள் சுவரே இல்லாமல் வீடு கட்டத் தொடங்கியுள்ளன.

உலாவியை விற்கச் செய்வதும் முழுத் தீர்வாகாது. வாங்க முன்வந்தவர்கள் யார் என்று பார்த்தாலே அது விளங்கும். கைப்பேசியை முதலில் இயக்கும்போது உலாவியையும் தேடுபொறியையும் தேர்ந்தெடுக்கும் திரை தமிழிலும் காட்டப்பட வேண்டும். அரசுத் தளங்கள் குறைந்தது இரண்டு வேறு இயந்திரங்களில் சோதிக்கப்பட வேண்டும். குரோமியம் போன்ற பொது அடித்தளத்தின் மேலாண்மை ஒரே நிறுவனத்தின் கையில் இல்லாமல் பரவலாக்கப்பட வேண்டும்.

பள்ளி அளவில் செய்யக்கூடியது இதைவிட எளிது. கணினிப் பாடத்தில் உலாவி வேறு, தேடுபொறி வேறு என்பதை ஒரு வகுப்பில் செய்துகாட்டலாம். ஒரே சொல்லை இரண்டு தேடுபொறிகளில் இட்டு, வரும் வரிசைகளைக் கரும்பலகையில் எழுதி ஒப்பிடச் சொல்லலாம். முகவரியின் இறுதிப் பகுதியைப் பார்த்து அரசுத் தளத்தை அடையாளம் காணவும், அடிக்கடி வேண்டிய தளங்களைப் புத்தகக்குறியில் சேர்க்கவும் பழக்கலாம். இதற்குப் பணம் வேண்டியதில்லை, ஒரு பாடவேளை போதும். அந்தப் பாடவேளையைக் கடந்த மாணவர் பிறகும் குரோமையே பயன்படுத்தலாம். அப்போது அது அவர் தேர்ந்தெடுத்த உலாவியாக இருக்கும்.